முகம் மட்டும் போதுமா?

"தமிழ்ப் பேசும் படத்தின் முதல் கதாநாயகி யார்?"

வினாவிடைப் புத்தகங்கள் விடாமல் கேட்கும் கேள்வி இது. பள்ளிப் போட்டிகளில் கேட்கிறார்கள். தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். பெயர்: டி. பி. ராஜலட்சுமி. படம்: காளிதாஸ். ஆண்டு: 1931. மதிப்பெண் கிடைத்துவிடுகிறது, ஏடு மூடப்படுகிறது.

விடை சரி. அந்த விடையோடு நிறுத்திக்கொள்கிறார்களே, அதுதான் பிழை!

அந்த அம்மையார் நடித்தார்; ஆம். நாவல்கள் எழுதினாரே, அது தெரியுமா? தாம் எழுதிய நாவலைத் தாமே படமாக எடுத்து, தாமே இயக்கி, தாமே நடித்தாரே, அது தெரியுமா? 1936 இல் 'மிஸ் கமலா' என்ற அந்தப் படம் வெளிவந்தபோது, தென்னாட்டில் அவருக்கு முன் படம் இயக்கிய பெண் எவரும் இல்லை என்பதாவது தெரியுமா?

ஆய்வாளர் சிலருக்குத் தெரியும். அவர்கள் எழுதியும் இருக்கிறார்கள். ஆயினும் மக்கள் மன்றத்தில் அந்தச் செய்தி ஏறவில்லை. மாணவர் மனத்தில் பதியவில்லை. பதிந்திருப்பது முகம், மறைந்திருப்பது மூளை. இந்த மறதி தற்செயலாக வந்ததா? அன்று. பெண்ணைப் பார்ப்பதற்குப் பழகிய சமுதாயம், பெண் பார்த்துச் சொல்வதைக் கேட்பதற்குப் பழகவில்லை. அந்தப் பழக்கத்தின் விளைவே இந்த மறதி என்கிறோம். சான்றுகளை அடுக்குகிறோம், தோழர்களே தீர்ப்புக் கூறட்டும்.

சீரில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட சிறுமி

தஞ்சைத் தரணியில் 1911 இல் பிறந்தவர் ராஜலட்சுமி. அக்கிரகாரத்துப் பெண். விளையாடித் திரிய வேண்டிய வயதில் அவர் கழுத்தில் தாலி ஏறியது. ஏற்றியவர்கள் சாத்திரம் சொல்லி ஏற்றினார்கள். சில காலத்துக்குள்ளாகவே, சீர்வரிசை போதவில்லை என்று காரணம் காட்டிப் பிறந்தகத்துக்கு அனுப்பினார்கள். சாத்திரம் அப்போது வாய் திறக்கவில்லை! தந்தையும் மறைந்தார். தாயும் மகளும் திருச்சிக்கு வந்து சேர்ந்தார்கள்.

குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் நிறைவேறியது 1929 இல். அதே ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வேண்டுமென்று முழங்கியது. சட்டமும் தீர்மானமும் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சிறுமியின் வாழ்வைக் குலைத்துவிட்டது குலாசாரம்.

குலைந்த பெண்ணுக்கு அன்று விதிக்கப்பட்டிருந்த இடம் எது? அடுக்களை மூலை. பிறர் வீட்டு ஊழியம். விசேஷ நாட்களில் எதிரே வராமல் ஒதுங்கி நிற்கும் கடமை. ராஜலட்சுமி அந்த மூலையை ஏற்கவில்லை. பாடத் தெரிந்தது, பேசத் தெரிந்தது, நினைவாற்றல் இருந்தது. திருச்சியில் சாமண்ணா நடத்திய நாடகக் குழுவை நாடிச் சென்று நடிக்கச் சேர்ந்தார்.

அந்தக் காலத்து மேடை எப்படிப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் தொடங்கிய நாடக சபை பாலர் சபை. வள்ளியாகவும் சாவித்திரியாகவும் சேலை கட்டி வந்தவர்கள் சிறுவர்களே. வடக்கே 1913 இல் தாதாசாகிப் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோது, அரிச்சந்திரன் மனைவி தாராமதியாக நடிக்கப் பெண் ஒருத்தியும் முன்வரவில்லை. உணவு விடுதியில் வேலை பார்த்த சாளுங்கே என்ற ஆடவரைப் பிடித்துச் சேலை கட்டவேண்டியதாயிற்று. பத்தினித் தெய்வத்தின் பெருமையைப் பேச ஆயிரம் பேர் இருந்தார்கள். அந்தப் பத்தினியின் வேடத்தைப் பெண் புனைந்தால் மட்டும் குடி கெட்டுவிடும் என்றார்கள்! அந்த நாட்டில்தான் இந்தப் பெண் மேடை ஏறினார். கிட்டப்பா போன்ற பாட்டு வேந்தர்களோடு நின்று நடித்தார்; பெயரெடுத்தார்; ஊமைப் படங்களிலும் தோன்றினார்.

பெட்டிக்குக் கற்பூரம்

1931 அக்டோபர் 31. 'காளிதாஸ்' சென்னை சினிமா சென்டிரலில் திரையிடப்பட்டது. பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனியார் எடுத்த படம், இயக்கியவர் எச். எம். ரெட்டி. நாயகி தமிழில் பேசினார். நாயகன் தெலுங்கில் பேசினார். ஆயினும் தமிழ் ஒலித்தது என்ற மகிழ்ச்சியில் மக்கள் மிதந்தார்கள். படச்சுருள் பெட்டி இரயிலில் வந்து இறங்கியபோது கூட்டம் திரண்டதாம். வால்டாக்ஸ் சாலை நெடுகப் பெட்டியைத் தொடர்ந்து சென்று பூத்தூவி, தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தினார்களாம்.

தகரப் பெட்டிக்குக் கற்பூரம்! அதனுள்ளே இருந்த ஒளிப்படத்தில் ஆடிப் பாடிய பெண்ணுக்கு இருபது வயதும் நிறையவில்லை. அவரைத் தம் தெருவில் குடிவைக்க அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இசைந்திருப்பார்கள்?

அதற்குப்பின் வெற்றி வரிசையாக வந்தது. 1933 இல் 'வள்ளி திருமணம்', கல்கத்தாவில் எடுக்கப்பட்டது; தமிழகமெங்கும் பணத்தை வாரிக் குவித்தது. அதில் வள்ளி ராஜலட்சுமி. நாரதராக நடித்த டி. வி. சுந்தரத்தை அவர் தம் விருப்பப்படி மணந்தார். ஊரார் பார்த்து முடித்த முதல் மணம் அவரை மூலையில் தள்ளியது. தாமே தேர்ந்த மணம் அவர் வேலையைத் தடுக்கவில்லை. 'சினிமா ராணி' என்ற பட்டமும் வந்தது.

ராணி! சொல் இனிக்கிறது. ஆனால் அந்த ராணிக்கு எந்த நாடு? கதையை ஆடவர் எழுதுவர். பாட்டை ஆடவர் இயற்றுவர். காமிராவின் பின்னே ஆடவர் நிற்பர். 'இங்கே நில், இப்படிச் சிரி, இந்நேரம் அழு' என்று ஆணையிடுவர். ஆணையை ஏற்று அழுபவருக்கு ராணிப் பட்டம்! ஆட்சியில்லாத அரசுரிமையைப் பெண்ணுக்கு வழங்குவதில் நம் நாட்டார் என்றுமே வள்ளல்கள். கல்விக்குத் தெய்வம் கலைமகள் என்பார்கள். பெண்ணுக்கு எழுத்துக் கற்பிக்க மறுத்தார்கள். செல்வத்துக்குத் தெய்வம் திருமகள் என்பார்கள். பெண்ணுக்குச் சொத்தில் பங்கு தர மறுத்தார்கள். அதே வழியில் வந்ததுதான் 'சினிமா ராணி'யும்.

ராஜலட்சுமி பட்டத்தோடு அடங்கவில்லை. ஆட்சியைக் கேட்டார். கேட்டால் தருவார்களா? எடுத்துக்கொண்டார்.

இரண்டு கமலாக்கள்

அவர் எழுதிய நாவல் 'கமலவல்லி'. அதையே 1936 இல் ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்ற தம் சொந்த நிறுவனத்தின் பெயரால் 'மிஸ் கமலா' ஆக்கினார். கதை, இயக்கம், நாயகி வேடம் மூன்றும் அவருடையவை. வயது அப்போது இருபத்துநான்கு. திரைமுழுதும் தேவரும் அசுரரும் தீப்பிழம்பும் திருமுடியும் நிறைந்திருந்த காலத்தில், தம் காலத்துப் பெண்ணின் கதையைச் சமூகப் படமாக எடுத்தார். அவ்வாண்டு பிறந்த தம் மகளுக்கும் கமலா என்றே பெயரிட்டார்.

திண்டுக்கல் வட்டாரத்தில் வாழும் நமக்கு இன்னொரு கமலாவையும் தெரியும். வத்தலக்குண்டில் பிறந்த ராஜமய்யர், 1893 முதல் 'விவேகசிந்தாமணி' இதழில் தொடராக எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்'. தமிழின் முதல் நாவல்களுள் ஒன்று என்று கல்லூரியில் படித்தோம், கட்டுரை எழுதினோம், மதிப்பெண் வாங்கினோம். படிக்கத்தக்க நூல்தான், அதற்கு உரிய பெருமையை நாம் குறைக்க வரவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறோம். ஓர் ஆடவர் எழுதிய கமலாம்பாளை மூன்று ஆண்டும் படித்த நமக்கு, ஒரு பெண் எழுதிய கமலவல்லியின் பெயரைக்கூடச் சொல்லித்தந்தார் உண்டா? பெண்ணின் கதை நமக்கு வேண்டும். அதைப் பெண்ணே சொன்னால் மட்டும் காது மந்தமாகிவிடுகிறது!

"படம் கிடைக்கவில்லையே, பார்க்காத படத்தை எப்படிப் போற்றுவது?" என்பர் சிலர். நல்ல கேள்வி, நேரான விடையும் உண்டு. 'மிஸ் கமலா'வின் பிரதி இன்று இல்லை; உண்மை. 'காளிதாஸ்' பிரதி இருக்கிறதா? அதுவும் இல்லை. இரண்டும் அழிந்தன. அழிந்த இரண்டில் ஒன்றின் நாளும் கிழமையும் நூல்தோறும் இருக்கின்றன. மற்றொன்றின் பெயர் தேடிப் பார்ப்பவருக்கே கிடைக்கிறது. ஆகவே, மறதிக்குக் காரணம் படச்சுருள் மட்கியது அன்று. முதற்படத்தில் பெண் நடித்தாள்; அது நினைவுக்கு உகந்தது. அடுத்ததில் பெண் நடத்தினாள். அது மறதிக்கு உரியதாயிற்று!

அவர் ஒரு படத்தோடு ஓயவுமில்லை. 1930களின் முடிவில் 'மதுரை வீரன்' படத்தையும் இயக்கினார். 'மதுரை வீரன்' என்றதும் 1956 இல் வந்த எம். ஜி. ஆர். படமே எல்லார் நினைவிலும் எழுகிறது. அதற்கு முன்பே ஒரு பெண் அதே கதையைப் படமாக்கினாள் என்று சொன்னால், "அப்படியா!" என்று புருவம் உயர்கிறது. 'இந்தியத் தாய்' என்றொரு படமும் எடுத்தார். ஆங்கில அரசின் தணிக்கைக் கெடுபிடியில் அது சிக்கியது. பொருள் இழப்பு ஏற்பட்டது.

1936: ஒரே ஆண்டு, இரண்டு வழி

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். திண்டுக்கல்லார்க்கு மிக எளிதில் விளங்கும் கணக்கு.

1936 இல்தான் 'சதி லீலாவதி' என்ற படமும் வந்தது. அதில் போலீஸ்காரராகச் சிறு வேடத்தில் ஓர் இளைஞர் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். அவரே எம். ஜி. ஆர். 1958 இல் 'நாடோடி மன்ன'னைத் தாமே தயாரித்து, தாமே இயக்கி, தாமே நடித்தார், நாடு வியந்தது. 1972 இல் கட்சி கண்டார். 1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் அந்தக் கட்சி முதன்முதலாக இரட்டை இலைச் சின்னத்தில் நின்று வென்றது. மலைக்கோட்டையின் அடிவாரம் தொடங்கி வேடசந்தூர் நிலங்கள் வரை ஒரு திரைமுகத்தின் பின்னே மக்கள் திரண்டதை இவ்வூர்ப் பெரியவர்கள் இன்றும் கதைபோலச் சொல்கிறார்கள். 1977 இல் அவர் கோட்டையை அடைந்தார்.

அந்த அரசியலின் நன்மை தீமை இங்கே பேச்சன்று. கணக்குத்தான் பேச்சு. 'நாடோடி மன்ன'னுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, தயாரிப்பு, இயக்கம், நடிப்பு மூன்றையும் ஒரே தோளில் சுமந்தவர் ஒரு பெண். போதாதென்று கதையும் அவருடையது. ஒரே ஆண்டில் ஒருவர் சிறு வேடத்தில் நுழைந்தார். ஒருவர் முழுப் படத்தையும் ஆட்டுவித்தார். முன்னவருக்குக் கோட்டை, பின்னவருக்கு வினாவிடைப் புத்தகத்தில் ஒரு வரி!

"ஏன், நடிகையாக இருந்த ஜெயலலிதா 1991 இல் முதலமைச்சர் ஆகவில்லையா?" என்று கேட்கலாம். ஆனார். ஆனபோதும், அவர் ஆட்சியையும் கொள்கையையும் எதிர்த்துப் பேச ஆயிரம் இருக்க, அவர் நடிகையாக இருந்ததையே வசையாக்கிய நாக்குகள் எத்தனை! 'நடிகர்' என்றால் பட்டம். 'நடிகை' என்றால் வசை. ஒரே தொழில், ஓர் எழுத்து மாறியதும் மரியாதை மாறுகிறது. நடிகையர் திலகம் என்று கொண்டாடப்பட்ட சாவித்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1969 இல் 'குழந்தை உள்ளம்' படத்தை இயக்கியவர் அவர். அவர் வீழ்ச்சியைக் கண்ணீரும் கதையுமாகப் பேசாத வாயில்லை; அவர் இயக்கியதைப் பேசும் வாயைத் தேட வேண்டியிருக்கிறது. 1953 இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் இயக்கினார் பானுமதி. "திமிர் பிடித்தவர்" என்பதே அவருக்குக் கிடைத்த பேச்சுவழக்குப் பட்டம். ஆடவர் அதட்டினால் ஆளுமை. பெண் அதட்டினால் திமிர்!

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய நோயன்று. பிரான்சில் 1896 இலேயே கதைப்படம் இயக்கிய ஆலிஸ் கீ என்ற மாது, நெடுங்காலம் வரலாற்றின் பக்கங்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். முகத்திரைக்கும் அந்தப்புரத்துக்கும் பேர்போன நாடு என்று நம்மவர் எண்ணும் எகிப்தில், 1927 இல் 'லைலா' என்ற முழுநீளப் படத்தைத் தயாரித்து நடித்தார் அஜீஜா அமீர் என்ற நடிகை. பின்னர்ப் படம் இயக்கவும் செய்தார். பம்பாயில் 1926 இலேயே பாத்திமா பேகம் படம் இயக்கினார். கெய்ரோவிலும் பம்பாயிலும் சென்னையிலும், ஒருவரை ஒருவர் அறியாத பெண்கள் ஒரே காலத்தில் ஒரே கதவைத் தட்டியிருக்கிறார்கள். "பெண்ணுக்கு இயல்பிலேயே இயக்கும் ஆற்றல் கிடையாது" என்னும் பேதைமைக்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டுமா?

வள்ளிக்கு மாலை, வந்தவளுக்கு ஏளனம்

பழங்கதை பேசுகிறோம் என்று எண்ண வேண்டாம். திண்டுக்கல் சமவெளியில் திருவிழாக் காலத்தில் ஓர் இரவு சுற்றி வாருங்கள். நிலக்கோட்டைப் பக்கமோ, நத்தம் பக்கமோ, ஏதேனும் ஓர் ஊரில் கோயில் திடலில் மேடை போட்டிருப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நடக்கும். விடிய விடிய நடக்கும். 1933 இல் ராஜலட்சுமி திரையில் ஏற்ற அதே வள்ளி வேடத்தில் ஒரு பெண் தினைப்புனம் காத்துப் பாடுவாள். முருகனோடும் நாரதரோடும் சரிக்குச் சரி தர்க்கம் செய்வாள். சொல்லுக்குச் சொல் மடக்குவாள். ஊர் ஆர்ப்பரிக்கும்.

விடிந்ததும் என்ன? வேடத்தைக் கலைத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு நிற்கும் அந்தப் பெண்ணைப் பார்த்து அதே ஊர் கண்ணடிக்கிறது. காதோடு காது பேசுகிறது. இரவு முழுதும் வள்ளிக்குக் கைகூப்பிய கை, காலையில் அவளுக்கு வாடகைக்கு வீடு தர மறுக்கிறது. கடவுளின் மனைவியாக அவள் வேண்டும். அண்டை வீட்டுக்காரியாக வேண்டாம்! இதுதான் பக்தியா? இதுதான் பண்பாடா?

படித்தவர் கூடும் இடமேனும் மேலா? நாமறிந்த ஒரு பள்ளியின் ஆண்டு விழா. மாணவி ஒருத்தி நாடகம் எழுதினாள். தோழியரைக் கூட்டி இரண்டு வாரம் ஒத்திகை நடத்தினாள். எவர் எங்கே நிற்பது, எப்போது நுழைவது என்பதையெல்லாம் நோட்டில் படம் வரைந்து வைத்திருந்தாள். விழா அழைப்பிதழ் அச்சாகி வந்தது. 'நெறியாள்கை' என்ற இடத்தில் ஓர் ஆசிரியரின் பெயர்! ஒத்திகையை ஒரு நாள் எட்டிப் பார்த்தவர் அவர். கேட்டதற்கு, "அவள் பெயர்தான் நடிப்போர் பட்டியலில் முதலில் இருக்கிறதே!" என்று விடை வந்தது. 1936 இல் நடந்த கதையை நம் கண்முன்னே மறுபடியும் நடத்திக் காட்டினார்கள்!

நம்மவருக்கும் ஒரு சொல்

நம் தோழர்களிடையேயும் ஒரு முணுமுணுப்பு எழக்கூடும். "அவர் அக்கிரகாரத்தில் பிறந்தவர், காங்கிரசுப் பாட்டுப் பாடியவர், புராணப் படங்களில் நடித்தவர். அவரை நாம் ஏன் தூக்கிப் பேச வேண்டும்?"

ஏன் பேசக்கூடாது என்று திருப்பிக் கேட்கிறோம். பிறப்பைப் பார்த்து மதிப்பை அளப்பது எவருடைய வழக்கம்? நாம் எதிர்க்கவந்த வழக்கமல்லவா அது! குழந்தை மணம், வரதட்சணை, ஒதுக்கப்பட்ட பெண்ணின் அவலம் இவற்றை மேடைதோறும் பேசுகிறோம். இவற்றை வாழ்வில் பட்டு, தாண்டி, எழுந்து நின்ற ஒரு பெண்ணைக் கண்டால் சாதிச் சான்றிதழ் கேட்பதா? அவர் பாடிய அரசியல் நம் அரசியல் அன்று, இருக்கட்டும். பிறந்த பெண் குழந்தையைக் கொல்லும் கொடுமைக்கு எதிராக நின்று, அப்படிச் சாகவிருந்த ஒரு பெண் மகவை எடுத்து வளர்த்தவர் அவர். அந்தக் கொடுமைக்காகத்தான் 1992 இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிற்று. 2001 இல் நம் திண்டுக்கல் மாவட்டத்துக்கும் அது நீட்டப்பட்டது. நம் மண்ணில் தொட்டில் கட்டவேண்டி வந்த வெட்கத்தை நினைவில் கொண்டு பேசுவோர், அந்த அம்மையாரை அயலார் என்று ஒதுக்கமாட்டார்கள்.

அவரைத் தெய்வமாக்கவும் நாம் வரவில்லை. சிலை வைத்து மாலை போட்டுக் கற்பூரம் காட்டும் வேலையை 1931 இலேயே செய்து முடித்துவிட்டார்கள். பயன் என்ன என்பதையும் பார்த்துவிட்டோம். அவர் படங்கள் எல்லாம் ஒப்பற்றவை என்றும் சொல்லவில்லை. செய்தவர் பெயரைச் செய்த செயலோடு சேர்த்துச் சொல்லுங்கள் என்பதே நம் கோரிக்கை. 1961 இல் கலைமாமணி விருது பெற்று, 1964 ஆகஸ்டில், ஐம்பத்துமூன்று வயது நிறையும் முன்பே அவர் மறைந்தார். அவர் செய்ததைச் சொல்லுவதற்கு நமக்குச் செலவு ஏதுமில்லை. நாணயம் ஒன்றுதான் தேவை.

எனவே தோழர்களே, செய்யத்தக்கவை சில உண்டு. படிப்பகங்களில் அவர் பிறந்த நவம்பரில் ஒரு மாலைக் கூட்டம் கூட்டுங்கள். 'முதல் கதாநாயகி' என்று தொடங்கும் பேச்சாளரை, 'முதல் இயக்குநர், நாவலாசிரியர்' என்று முடிக்கச் சொல்லுங்கள். 'கமலவல்லி'யும் அவர் எழுதிய பிற நாவல்களும் எந்தப் பழைய நூலகத்தில் தூசு படிந்து கிடக்கின்றன என்று தேடுங்கள். கிடைத்தால் மறுபதிப்புக்கு வழிசெய்யுங்கள். உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் ஆட வரும் பெண்ணுக்குத் தங்க நல்ல இடமும், பேசிய கூலியும், விடியற்காலையில் மரியாதையான வழியனுப்பும் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். பெண்கள் எழுதும் நாடகத்தின் அழைப்பிதழில் அவர்கள் பெயர் உரிய இடத்தில் அச்சாகிறதா என்று பார்த்து, இல்லையெனில் திருத்தச் சொல்லுங்கள்.

2016 இல் சுதா கொங்கரா 'இறுதிச் சுற்று' எடுத்தார். குத்துச்சண்டைக் களத்துப் பெண்ணின் கதையைத் தமிழ்நாடு கைதட்டி ஏற்றது. மிஸ் கமலாவுக்கு எண்பது ஆண்டுகளுக்குப் பின்பும் 'பெண் இயக்குநர்' என்று தனி அடைமொழி இட்டே நாளேடுகள் எழுதின. 'ஆண் இயக்குநர்' என்று எவரையேனும் எழுதுகிறார்களா? அந்த அடைமொழி தேவைப்படாத நாள் வரவேண்டும். அதற்கான வேலை கோடம்பாக்கத்தில் மட்டுமன்று. திண்டுக்கல் பள்ளிகளில், வேடசந்தூர்த் திடல்களில், நம் வீட்டுக் கூடங்களில் இருக்கிறது. நோட்டில் படம் வரைந்து நாடகம் நடத்தும் அந்த மாணவி அடுத்த ஆண்டும் எழுதுவாள். அவளுக்கு நாம் புதிய வழி திறந்துவிட வேண்டியதில்லை. ராஜலட்சுமி திறந்த வழியை மறித்துக்கொண்டு நில்லாதிருந்தால் போதும்.